நகராட்சியில் ஒரு வேலை ஆகணுமா? யாரிடம் போவது, என்ன கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மாநகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் நடுவில் இருப்பது நகராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 138 நகராட்சிகள் இருந்தன. அவற்றில் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி நான்கும் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டன. சென்னை, கோவை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது வார்டு உள்ள ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

சேர்மன் பெரியவரா, கமிஷனர் பெரியவரா?

இரண்டு பேருக்கும் வேலை வேறு வேறு. வார்டுக்கு ஒருவராக நாம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் சேர்ந்ததுதான் நகர்மன்றம். அவர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்மனுக்கென்று நாம் தனியாக ஓட்டுப் போடுவதில்லை. ஆணையாளர் அரசு அதிகாரி. மாற்றலில் வருவார், மாற்றலில் போவார். மன்றம் தீர்மானம் போடும், ஆணையாளர் அதை நிறைவேற்றுவார். கோப்பும் கையெழுத்தும் அவர் பக்கம். எந்தத் தெருவுக்கு முதலில் செய்வது என்பது மன்றத்தின் பக்கம்.

நமக்கு இதில் வேண்டிய விஷயம் ஒன்றுதான். வரி ரசீதில் பெயர் மாற்றம், பிறப்புச் சான்று, குடிநீர் இணைப்பு மாதிரி உங்கள் ஒரு வீட்டு வேலைக்கு மன்றத்தின் தயவு தேவையில்லை. அதற்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் காத்திருப்பது வீண். தெரு முழுவதற்குமான வேலை, அதாவது சாக்கடை, ரோடு, புது விளக்கு, தண்ணீர்த் தொட்டி, மன்றத்தில் ஒரு பொருளாக வராமல் நடக்காது. அதற்காக அலுவலகக் கவுண்ட்டரில் சண்டை போடுவது வீண். பாதி அலைச்சல் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் வருகிறது.

அலுவலகத்துக்குள் எந்தப் பிரிவு எதற்கு?

வரி, பெயர் மாற்றம் எல்லாம் வருவாய்ப் பிரிவு. உங்கள் பகுதிக்கு வரும் பில் கலெக்டர், அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர். ரோடு, சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு பொறியியல் பிரிவு. வீடு கட்ட அனுமதி, மனை வரன்முறை (அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்துவது), ஆக்கிரமிப்பு நகரமைப்புப் பிரிவு. குப்பை, கொசு, பிறப்பு இறப்புப் பதிவு, சுடுகாடு, உணவகங்களின் சுகாதாரம் எல்லாம் சுகாதாரப் பிரிவு. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் சுகாதார ஆய்வாளர். மனுக்களைப் பதிவுசெய்து வாங்கும் இடம் தபால் பிரிவு. கடைசியில் சொன்ன இந்த இடம்தான் முக்கியம், ஆனால் பலர் அங்கே போவதே இல்லை.

பட்டா, வாரிசுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று இவை எதுவும் நகராட்சியில் கிடையாது. எல்லாம் வட்டாட்சியர் அலுவலகம். ரேஷன் கார்டும் இங்கே இல்லை.

சொத்து வரியை எப்போது கட்ட வேண்டும்? தள்ளுபடி உண்டா?

வருடத்துக்கு இரண்டு அரையாண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்றால் 120 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் காலம் தாழ்த்தினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி சேரும். அப்படியே நாலைந்து வருடம் போட்டு வைத்தவர்கள், வீட்டை விற்கப்போகும் நாளில் மொத்தமாகக் கட்டிவிட்டு ஊரையே திட்டுவார்கள்.

அலுவலகக் கவுண்ட்டரில் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். எங்கே கட்டினாலும் வரிவிதிப்பு எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். அந்த எண் ஒரு இலக்கம் மாறினால் பக்கத்துத் தெருக்காரர் வரியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். அதைத் திருப்பி வாங்குவது தனிக் கதை.

பக்கத்து வீட்டுக்காரரை விட எனக்கு வரி அதிகமாக இருக்கிறதே?

வரி நான்கைந்து விஷயங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வீடு இருக்கும் பகுதியின் அடிப்படை மதிப்பு, கட்டடத்தின் பரப்பு, குடியிருப்பா கடையா, கான்கிரீட்டா ஓடா, எத்தனை வருடப் பழசு. முன்பக்கம் ஒரு அறையை ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருந்தால் அந்த அறைக்கு வணிக விகிதம். மாடி எடுத்த வீடு என்றால் அந்தப் பரப்பும் சேரும்.

2022இல் வந்த சீராய்வும் ஒரு காரணம். நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. ஆக 1,190 சதுர அடி வீடும் 1,210 சதுர அடி வீடும் ஒட்டி ஒட்டி இருந்தாலும் உயர்வு ஒன்றாக இருக்காது. உங்கள் அளவு 1,200ஐ ஒட்டி இருந்தால், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. படிக்கட்டையும் போர்டிகோவையும் சேர்த்தார்களா என்பதில்தான் பெரும்பாலும் இந்த இருபது சதுர அடி ஒளிந்திருக்கும்.

அளவு தவறு என்று தெரிந்தால் வரைபட நகலோடு ஆணையாளருக்கு எழுதி, மறு அளவீடு கேளுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் நகராட்சிகளில் வரி மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. கவுன்சிலர்கள்தான் அதில் உறுப்பினர்கள். ஆனால் ஒன்று: பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்பதை வாதமாக வைக்காதீர்கள். உங்களுக்குக் குறைக்க மாட்டார்கள், அவருக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் தெருவில் முகம் பார்க்க முடியாது.

வீடு வாங்கிவிட்டேன். வரி ரசீதில் இன்னும் பழைய பெயர் வருகிறது.

பத்திரம் பதிவானால் வரிப் பதிவேட்டிலும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசியாக வரி கட்டிய ரசீது இவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுகள் நான்கு பேர் இருக்க, ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்ற நினைத்தால் மற்ற மூவரின் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ கேட்பார்கள். அது சரியான கேள்விதான். குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அவற்றுக்கும் பெயர் மாற்றம் கேட்டு எழுதிவிடுங்கள்.

வரி ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டதால் சொத்து உங்களுடையது என்று ஆகிவிடாது. யார் அனுபவிக்கிறாரோ அவரிடம் வரி வசூலிக்கிறார்கள், அவ்வளவுதான். "முப்பது வருஷமா நான்தான் வரி கட்டுறேன்" என்று கோர்ட்டில் சொல்பவர்களின் கதை பெரும்பாலும் நல்லபடியாக முடிவதில்லை.

காலி இடத்துக்கும் வரியா?

ஆமாம், காலிமனை வரி. வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போகும்போது பழைய பாக்கியோடு சேர்த்துக் கேட்பார்கள்.

தொழில் வரி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் சின்னக் கடைதான் வைத்திருக்கிறேன்.

வருமானத்தைப் பொறுத்து அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் கட்ட வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கவே முடியாது. சம்பளக்காரர்களுக்கு அலுவலகமே பிடித்துக் கட்டிவிடும். கடைக்கு வாங்கும் தொழில் உரிமம் வேறு, இது வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றது தீர்ந்துவிடாது.

குழந்தை பிறந்தது தாய் வீட்டு ஊரில். நாங்கள் இருப்பது வேறு ஊரில். பிறப்புச் சான்று எங்கே?

பிறந்த ஊரில்தான். தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்கும் வழக்கம் இருப்பதால் நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. அம்மா வீட்டு ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் பிறந்தால், அந்த ஊர் உள்ளாட்சியின் பதிவேட்டில்தான் குழந்தை இருக்கும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். கர்ப்பகாலத்தில் சுகாதாரச் செவிலியரிடம் பதிவுசெய்து வாங்கிய ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பார்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். பதிவானபின் சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதற்காகப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாளும் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி. ஒரு வருடமும் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்போது கேட்கும் ஆவணங்களைத் திரட்டுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

பெயர் விஷயம் தனி. பலர் பெயர் வைக்காமலேயே பதிவு செய்கிறார்கள், அது தப்பில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பிறகு கட்டணத்தோடு 15 வயது வரை. ஆனால் சேர்த்த பெயரைப் பிறகு முழுதாக மாற்ற விடமாட்டார்கள். எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்துவார்கள். ஜாதகக்காரர் இன்னும் எழுத்துச் சொல்லவில்லை என்றால் பொறுத்திருந்து ஒரே தடவையில் சேருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம். அப்பா பெயர், அம்மா பெயரின் எழுத்து, இன்ஷியல் எல்லாவற்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வீட்டில் இறந்தவருக்கு எப்படிப் பதிவது?

இதற்கும் 21 நாள்தான். குடும்பத்தார் தகவல் கொடுக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சுடுகாட்டு ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துக்க வீட்டில் யாருக்கும் இந்த நினைப்பு இருக்காது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போனால்கூட நாள் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குச் சாக்கடை வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் "மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆச்சு" என்பவர்களில் பலருக்குத் தங்கள் மனு எந்தப் படியில் நிற்கிறது என்றே தெரியாது.

முதலில் தெருக்காரர்கள் கையெழுத்திட்ட மனு. ஒரு பிரதி ஆணையாளருக்கு, ஒரு பிரதி வார்டு உறுப்பினருக்கு. மனுவில் "சாக்கடை வசதி செய்து தருமாறு" என்று மட்டும் எழுதாமல், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, சுமார் எத்தனை மீட்டர், தண்ணீர் இப்போது எங்கே தேங்குகிறது, முடிவில் எந்தப் பெரிய சாக்கடையில் சேர வேண்டும் என்று எழுதுங்கள். படிப்பவர் தெருவைப் பார்க்காமலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து அளப்பார். அன்றைக்கு வீட்டில் இருங்கள். பிற்பாடு எத்தனை பேசினாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வெளியே வரும் உயரம் என்ன, தெரு எந்தப் பக்கம் வாட்டம், மழைக்கு எதுவரை தண்ணீர் ஏறும் என்பதைக் கையோடு காட்டுங்கள். புதுச் சாக்கடை வந்தும் பல தெருக்களில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் ஊழல் மட்டுமில்லை. அளந்த அன்று வாட்டத்தை யாரும் காட்டவில்லை, சாக்கடையின் அடித்தளம் வீட்டுக் குழாயை விட மேலே போய்விட்டது.

அளவை வைத்து மதிப்பீடு தயாராகும். அதை எந்த நிதியில் செய்வது என்று பார்ப்பார்கள். நகராட்சியின் பொது நிதியா, நிதிக்குழு மானியமா, மாநில அரசின் திட்டமா. நிதி சிக்கிய பிறகு அது மன்றக் கூட்டத்தில் ஒரு பொருளாக வரும். மன்றம் ஒப்புதல் கொடுத்தால் நிர்வாக அனுமதி, பிறகு பொறியாளர் தரப்பில் தொழில்நுட்ப அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாட்டில் இதற்கு 1998ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. குறைந்த விலை கேட்டவரை முடிவு செய்து வேலை உத்தரவு கொடுப்பார்கள். வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில், அலுவலகத்தில் சொல்வது எம்.புக், அளவு ஏறும். அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில்.

ஆக, அடுத்த தடவை போகும்போது "எங்க மனு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "மதிப்பீடு போட்டாச்சா? எந்த நிதி? மன்றத்தில் எந்த மாதம், எந்தத் தீர்மான எண்? டெண்டர் விட்டாச்சா?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் குரலே மாறும்.

தெருக்காரர்களே கொஞ்சம் பணம் போட முடியும் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு. பூங்கா, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுச் சீரமைப்பு மாதிரி வேலைகளுக்கு ஊரில் ஒரு நல்ல வியாபாரி கிடைத்தால் வரிசையில் காத்திருக்காமல் முன்னே போகலாம். சாக்கடைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், பெயர்ப் பலகை வைக்க அதில் இடம் இல்லை.

எங்கள் நகரில் ரோடே போட முடியாது என்கிறார்களே, வரி மட்டும் வாங்குகிறார்கள்?

பெரும்பாலும் அது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருக்கும். முறையான லேஅவுட்டில் மனை போடுபவர் ரோட்டு இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது உபயோகத்துக்காக விடவும் வேண்டும். எழுதிக் கொடுக்காத ரோடு சட்டத்தின் கண்ணில் இன்னும் யாரோ ஒருவரின் பட்டா நிலம். தனியார் நிலத்தில் நகராட்சி பணத்தைப் போட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். அதற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். தனி மனையை வரன்முறை செய்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு அனுமதி கிடைக்கும். அதனால் மட்டும் முழுத் தெருவும் நகராட்சிக்கு வந்துவிடாது. நகர் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை, ரோட்டு இடம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதுதான். மனை போட்டவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். அவர் காலமாகி, பிள்ளைகள் ஐந்து ஊரில் இருந்தால் அதோடு சரி.

மாதாந்தர மன்றக் கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். சில நாள் முன்பே உறுப்பினர்களுக்குப் பொருள் பட்டியல், பேச்சில் அஜெண்டா, போய்விடும். ஒரு சாதாரண மாதத்தில் அதைப் புரட்டினால் இப்படித்தான் இருக்கும்: போன மாதம் பதிவான பிறப்பு இறப்பு விவரம் மன்றத்தின் பார்வைக்கு. நீரேற்று நிலைய மோட்டார் எரிந்துபோய், அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியோடு ரீவைண்டிங் செய்த செலவு மன்றத்தின் அங்கீகாரத்துக்கு. தினசரி சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை அடுத்த ஆண்டுக்கு ஏலம் விடுவது. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தை எடுக்க ஆள் வராததால் மறு ஏலம். கொசு ஒழிப்புக்கு ஆள் வைப்பது. பிளீச்சிங் பவுடர் வாங்குவது. நடுவில் எங்கேயோ உங்கள் தெருச் சாக்கடை.

செய்தித்தாளில் வருவது வெளிநடப்பு மட்டும்தான். ஊரை நடத்துவது இந்த பிளீச்சிங் பவுடரும் மோட்டாரும். பல ஊர்களில் பொருள்களைப் படித்து முடிப்பதற்குள்ளேயே "ஆல் பாஸ்" என்று கை தட்டி எழுந்துவிடுகிறார்கள். விவாதம் எல்லாம் கூட்டத்துக்கு முன்பே சேர்மன் அறையில் முடிந்திருக்கும். இது நல்ல பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்றத்தில் கேட்டால் பதிவேட்டில் ஏறும், அறையில் கேட்டால் காற்றோடு போய்விடும். உங்கள் கவுன்சிலர் நல்லவரா என்று பார்க்க வேண்டுமானால், அவர் பெயர் தீர்மானப் புத்தகத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருளுக்கு எதிர்ப்பு என்றால் ஆட்சேபணையைப் பதிவுசெய்யக் கேட்பது அவர் உரிமை.

நாங்களே நேரில் பேச இடம் உண்டா?

உண்டு. 2022 முதல் வார்டு குழு, பகுதி சபா என்ற அமைப்பு இருக்கிறது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்கப் பகுதி சபாக்கள் கூடின. ஊராட்சிகளில் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கு இது. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். வழக்கமாக இருபது பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். உங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேர் போனாலே கூட்டம் உங்களுடையது.

தெருவிளக்கு எரியவில்லை. மின்வாரியமா, நகராட்சியா?

கம்பமும் கம்பியும் மின்வாரியம், விளக்கு நகராட்சி. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் நகராட்சிக்குச் சொல்லுங்கள். வரிசையாக ஏழெட்டு எரியவில்லை, அல்லது கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். புகாரில் கம்பத்து எண்ணைக் கொடுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்" என்றால் ஊரில் பிள்ளையார் கோயில் எத்தனை இருக்கிறது!

தண்ணீர் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தெருக்கடைசி வீடா என்று பாருங்கள். முன்னால் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். அது சட்டவிரோதம், கண்டுபிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிக்கலாம். தண்ணீர் விடும் நாளில், விடும் நேரத்திலேயே போன் செய்து ஆளை வரச் சொல்லுங்கள். மறுநாள் வந்து பார்த்தால் எல்லா வீட்டிலும் மோட்டார் சாதுவாகத் தரைத்தொட்டியில்தான் உட்கார்ந்திருக்கும்.

புது இணைப்புக்கு வைப்புத்தொகை, ரோட்டை வெட்டிச் சீர்செய்யும் கட்டணம் இரண்டும் உண்டு. தெருவுக்குப் புது ரோடு வரப்போகிறது என்று காதில் விழுந்தால், குடிநீரோ பாதாளச் சாக்கடையோ, இணைப்பு வாங்க வேண்டியதை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

சின்ன வீடு கட்ட அனுமதிக்கு இன்னும் மாதக்கணக்கில் அலைய வேண்டுமா?

இல்லை. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியும் மட்டும் என்றால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுக்கலாம். முன்கூட்டி வந்து பார்க்க மாட்டார்கள். அதற்காக மனையின் அங்கீகாரம், பக்கவாட்டு இடைவெளி இவற்றில் பொய் சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், வீடு மட்டும் நிற்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம்.

தெருநாய்த் தொல்லை. பிடித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விடச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போடலாமே?

போட்டாலும் செல்லாது. 2023ஆம் வருட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் மத்திய அரசுடையவை. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை இரண்டுக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது. அதே வருடம் நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்றது. ஆகவே கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது, "நம் நகராட்சியில் கருத்தடை மையம் இருக்கிறதா, இந்த மாதம் எத்தனை நாய்க்குச் செய்தார்கள், எங்கள் வார்டு எப்போது?" என்பதுதான். கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

மனு கொடுத்துப் பல மாதம் ஆகியும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

முதல் கேள்வி: ஒப்புகை வாங்கினீர்களா? தேதியும் முத்திரையும் இல்லாத மனு கொடுக்கப்படாத மனு. அதிகாரி கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டு, "பார்க்கிறேன்" என்ற வார்த்தையோடு திரும்பி வந்திருந்தால் மறுபடி தபால் பிரிவில் கொடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறை, திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். இரண்டிலும் மனு சுற்றிச் சுற்றி அதே நகராட்சிக்குத்தான் வரும். ஆனால் இந்தத் தடவை பதில் சொல்ல ஒரு கெடுவோடு வரும். முறைகேடு என்றால் உள்ளாட்சிகளுக்கென்றே 2014ஆம் வருடச் சட்டப்படி முறைமன்ற நடுவம், அதாவது புகாரை விசாரிக்கும் அமைப்பு, இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட நான் முதலில் சொல்வது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் ஒரு வரியில் தட்டிக் கழித்துவிடுவார்கள். தகவலைக் கேளுங்கள், நகலைக் கேளுங்கள். இந்த மாதிரி:

"இன்ன தேதியில், இன்ன பதிவு எண்ணில் பெறப்பட்ட எனது மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகளின் நகல். மேற்படி தெருவுக்குத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகல். அது மன்றத்தில் வைக்கப்பட்டிருந்தால் தீர்மான எண், தேதி, தீர்மானத்தின் நகல். ஒப்பந்தம் வழங்கப்பட்டிருந்தால் வேலை உத்தரவு மற்றும் அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்."

ஒரு பக்க நகலுக்கு 2 ரூபாய். கட்டாமலேயே பில் போட்டு முடித்த சாக்கடைகள்கூடச் சில சமயம் இந்தப் பக்கங்களில் வெளியே வருகின்றன.